குறைந்த செலவில் அனிமேஷன் கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

நிறைய பேர் "எந்தப் பிராசசர் நல்லது?" என்றே கேட்டிருக்கிறீர்கள். எந்த சாப்ட்வேரில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால் உங்கள் காசுதான் வீணாகும். 3டி அனிமேஷனுக்கான பிளெண்டர், மோஷன் கிராஃபிக்ஸுக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், 2டி படம் வரைவதற்கான கிரிட்டா மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் திணறும். உங்கள் வேலை எங்கே திணறுகிறதோ அங்கேதான் பணம் போக வேண்டும். இனி ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

கேள்வி (மதுரை, விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவி): அண்ணா, பிளெண்டர் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பா 50 ஆயிரம் வரை தருகிறேன் என்கிறார். கடையில் ஒரு கொட்டேஷன் கொடுத்தார்கள். ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், மானிட்டரோடு 35 ஆயிரம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. முதலில் அந்த ஐ7 எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். இந்த விலைக்குப் பெரும்பாலும் ஐ7-3770 மாதிரி ஒன்றுதான் வரும். அது 2012-ல் வந்தது, 4 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் 4 கோர்தான், ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில்கூட நிற்காது. அதோடு, விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 8-வது தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்கு அதிகாரபூர்வமாகத் தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

அடுத்தது அந்த 4 ஜிபி கார்டு. மாடல் பெயர் இல்லாமல் ஜிபியை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது ஜிடி 730 ஆக இருக்கலாம். 2014-ல் வந்த கார்டு. படம் காட்டும், அவ்வளவுதான், ரெண்டருக்கு (காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் வேலைக்கு) ஆகாது. பிளெண்டரை எஸ்எஸ்டி இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுவதும் வேதனை.

உங்கள் பட்ஜெட்டில் நான் என்ன செய்வேன் என்றால், இரண்டு தவணையாக வாங்குவேன். இப்போது ரைசன் 5 5600ஜி. 6 கோர், உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்டு இல்லாமலே மானிட்டரில் படம் வரும். 8 ஜிபி ரேம் இரண்டு குச்சி, 500 ஜிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, பேர் சொல்லக்கூடிய கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), நிறத்தை ஒழுங்காகக் காட்டும் ஒரு ஐபிஎஸ் மானிட்டர். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு சும்மா வருகிறதே என்று கடைக்காரர் மாட்டிக் கொடுப்பதை நம்பி நாளைக்கு நல்ல கார்டைச் செருக முடியாது. மாடலிங், ரிக்கிங் (பொம்மையை அசைக்க எலும்புக்கூடு மாட்டுவது), அனிமேஷன் எல்லாம் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ரெண்டர்தான் தடை என்று உங்களுக்கே தெரியும்போது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. அதனால் கொட்டேஷனை மூன்று கடையிலாவது வாங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி, கலைக் கல்லூரி மாணவர்): அண்ணா, அரசு கொடுத்த லேப்டாப்தான் இருக்கிறது. ஐ3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இதில் அனிமேஷன் பழக முடியுமா? இல்லை, நேரம்தான் வீணா?

பதில்: தாராளமாகப் பழகலாம் தம்பி. பிளெண்டர் நிறுவனமே குறைந்தபட்சத் தேவையாகச் சொல்வது 4 கோர் பிராசசர், 8 ஜிபி ரேம்தான். பந்து குதிப்பது, நடை, கனமான பெட்டியைத் தூக்குவது என்று அனிமேஷனின் அடிப்படைப் பயிற்சிகளுக்கெல்லாம் எளிமையான ஒரு பொம்மை ரிக் போதும். அதை உங்கள் லேப்டாப் சிரமமில்லாமல் ஓட்டும்.

சில பழக்கங்கள் வேண்டும். வேலை செய்யும்போது குரோமை மூடிவிடுங்கள், 8 ஜிபியில் பாதியை அதுவே தின்றுவிடும். ரெண்டர் அமைப்புகளில் 'சிம்ப்ளிஃபை' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை ஆன் செய்து சப்டிவிஷனை (வளைவை மென்மையாக்கப் பரப்பைப் பிரிக்கும் அளவை) 0 அல்லது 1-க்குக் குறைத்தால் திரை திக்கித் திக்கி ஓடுவது நிற்கும். டெக்ஸ்சர் (மாடல் மேல் ஒட்டும் படம்) 4கே எல்லாம் வேண்டாம், 1கே போதும். ரேம் கூடுதலாகச் செருக இடம் இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும்வரை நீங்களாகத் திறக்காதீர்கள்.

கேள்வி (கோவை, விடுதி மாணவர்): விடுதியில் டெஸ்க்டாப் வைக்க முடியாது. 70 ஆயிரத்துக்குள் லேப்டாப்தான் வாங்க வேண்டும். பிளெண்டரும், கொஞ்சம் மாயா என்ற 3டி சாப்ட்வேரும். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இடமில்லை என்றால் லேப்டாப்தான், வேறு வழியில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்: லேப்டாப்பில் 'ஆர்டிஎக்ஸ் 4050' என்று ஒட்டியிருந்தாலும் எல்லா 4050-ம் ஒரே வேகம் இல்லை. கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் தருவது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. 4050-ல் அது 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை போகும். மெல்லிசான அழகான லேப்டாப்பில் குறைந்த வாட், தடிமனான கேமிங் லேப்டாப்பில் கூடுதல் வாட். விவரக் குறிப்பில் 'டிஜிபி' என்று தேடினால் கிடைக்கும். அந்த எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, திரை. விலை குறைந்த கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் '45% என்டிஎஸ்சி' திரை இருக்கும். நிறம் வெளுத்துத் தெரியும். நீங்கள் சரியாக இருக்கிறது என்று நினைத்து அனுப்பும் சிவப்பு, அடுத்தவர் போனில் கண்ணைப் பறிக்கும். 100% எஸ்ஆர்ஜிபி (இணையத்தில் வழக்கமான நிற அளவு) திரை உள்ள மாடலைப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், வண்ணம் சரிபார்க்க மட்டும் கல்லூரி லேபைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ரேம் குச்சியைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். போர்டோடு ஒட்டிய 8 ஜிபியை வாங்கிவிட்டால் கடைசிவரை 8 ஜிபிதான். மாயாவுக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள். அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகிறது, கல்லூரி அடையாள அட்டை இருந்தால் போதும்.

கேள்வி (சேலம், ஒரு தந்தை): சார், மகள் எட்டாம் வகுப்பு. நன்றாகப் படம் வரைகிறாள், கார்ட்டூன் செய்ய ஆசைப்படுகிறாள். கேமிங் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியமே இல்லை சார். 2டி வரைகலைக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேலையே அதிகம் இல்லை. வீட்டில் ஐந்தாறு வருடத்துக்குள் வாங்கிய சாதாரணக் கம்ப்யூட்டர் இருந்தால், ரேமை 16 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டி போடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பென் டேப்லெட் வாங்கிக் கொடுங்கள். வாகோம், ஹுயான், எக்ஸ்பி-பென் மூன்றிலும் திரை இல்லாத சிறிய மாடல்கள் விலை குறைவாகவே கிடைக்கும். மவுஸை வைத்துக்கொண்டு வரைந்தால் குழந்தைக்கு ஒரு வாரத்தில் ஆர்வமே போய்விடும்.

சாப்ட்வேருக்கும் செலவில்லை. கிரிட்டாவில் தொடங்கட்டும். கொஞ்சம் தேறியதும் ஓபன்டூன்ஸ். ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016-ல் ஓபன்டூன்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளிவந்தது. அதைப் பழகிய பிள்ளைக்குப் பிறகு எந்த 2டி சாப்ட்வேரும் கஷ்டமாக இருக்காது.

கேள்வி (திருச்சி, மோஷன் கிராஃபிக்ஸ் செய்பவர்): ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்தான் என் தொழில். 16 ஜிபி ரேமும் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அப்படியும் பிரிவியூ பாதியில் நிற்கிறது. பெரிய கார்டு வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பிரிவியூ ஓடும்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக ரேமில் வைத்துக்கொள்ளும். கணக்கைப் பாருங்கள். 1920 × 1080 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் நான்கு சேனல், 8 பிட் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 8 எம்பி. 10 வினாடிக்கு 24 ஃபிரேம் வீதம் 240 ஃபிரேம், அதாவது 2 ஜிபி. 16 பிட்டுக்குப் போனால் 4 ஜிபி. 4கே என்றால் அதைப்போல நான்கு மடங்கு. இதோடு பிரிகாம்ப்புகளும் (ஒரு காட்சிக்குள் தொகுத்து வைத்த காட்சிகளும்) தனித்தனியாக இடம் பிடிக்கும். விண்டோஸும் மற்றதும் போக உங்கள் 16 ஜிபியில் எவ்வளவு மிஞ்சும்?

எனவே பணம் இருந்தால் 32 ஜிபி ரேம். அதற்கு முன், செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள்: டிஸ்க் கேஷ் (தயாரான ஃபிரேம்களை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டிஸ்க்கில் சேமிக்கும் இடம்) எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பிரிவியூவை முழு ரெசல்யூஷனில் ஓட்டாமல் பாதியில் ஓட்டினால் ரேம் தேவை கால்வாசியாகக் குறையும்.

கேள்வி (சென்னை): ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060 கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: குறைந்த செலவில் பிளெண்டர் ரெண்டருக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்வது அந்தக் கார்டைத்தான். காரணம் அதன் 12 ஜிபி நினைவகம். காட்சியில் உள்ள மாடல், டெக்ஸ்சர் எல்லாம் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், இல்லையென்றால் ரெண்டரே நின்றுவிடும். 3060-ல் 8 ஜிபி மாடலும் உண்டு, அதை 12 ஜிபி விலைக்குத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெட்டியைப் பார்க்காதீர்கள், கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற சாப்ட்வேரில் பாருங்கள்.

கடையிலேயே பிளெண்டர் பெஞ்ச்மார்க்கை ஓட்டச் சொல்லுங்கள். அது இலவசம். அதே கார்டுக்கு மற்றவர்கள் பெற்ற மதிப்பெண் பிளெண்டர் ஓபன் டேட்டா தளத்தில் இருக்கும், ஒப்பிடலாம். அரை மணி நேரமாவது ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு தெரிந்தாலோ ஃபேன் கரகரத்தாலோ விட்டுவிடுங்கள். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு பலர் ஒன்றைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பிளெண்டரின் பிரிஃபரன்ஸஸில் 'சிஸ்டம்' பக்கம் போய் 'ஆப்டிக்ஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ரெண்டர் அமைப்பில் 'டிவைஸ்' என்ற இடத்தில் ஜிபியு கம்ப்யூட் என்று மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், பிராசசர்தான் தனியாக மல்லுக்கட்டும்.

கேள்வி (ஈரோடு): கம்பெனிகள் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் எல்லாம் மலிவாக வருகிறதே, அதில் கார்டு மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: நல்ல யோசனை. ஆனால் ஒல்லியான மாடலா, உயரமான டவர் மாடலா என்று பார்த்து வாங்குங்கள். ஒல்லியானதில் அரை உயரக் கார்டுதான் நுழையும், எஸ்எம்பிஎஸ்ஸும் 200 வாட் சுற்றித்தான் இருக்கும், வெளியில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. அப்படிப்பட்டதற்கு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் லோ-புரொஃபைல் மாடல் ஒத்துவரும். 70 வாட்தான், தனி மின் இணைப்பு தேவையில்லை. இன்டெல் பிராசசரில் 8-வது தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): மேக் மினி எம்4 சரிவருமா?

பதில்: பிளெண்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இரண்டுக்கும் நன்றாகவே சரிவரும், 16 ஜிபி நினைவகத்தோடு வருகிறது, மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும். ஆனால் வாங்கிய பிறகு ரேம் கூட்ட முடியாது. 3டிஎஸ் மேக்ஸ் என்ற 3டி சாப்ட்வேர் வேண்டும் என்றால் மேக்கை மறந்துவிடுங்கள், அது விண்டோஸுக்கு மட்டும்தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, இங்க கிராஃபிக்ஸ் கார்டு விலையைக் கேட்டாலே தலை சுத்துது. கார்டு இல்லாம ரெண்டு நிமிசக் குறும்படம் ஒண்டு முடிக்க ஏலுமா? 6 கோர் ரைசன், 16 ஜிபி ரேம் இருக்கு.

பதில்: முடியும் தம்பி, திட்டம் போட்டுச் செய்தால். இரண்டு நிமிடம் என்றால் வினாடிக்கு 24 வீதம் 2,880 ஃபிரேம். பிளெண்டரில் ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில் ஒரு ஃபிரேமுக்கு 10 நிமிடம் ஆனால் 480 மணி நேரம், அதாவது இருபது நாள் கம்ப்யூட்டர் அணையாமல் ஓட வேண்டும். அதே படத்தை ஈவி என்ற வேகமான ரெண்டர் முறையில் ஃபிரேமுக்கு 10 வினாடியில் எடுக்க முடிந்தால் 8 மணி நேரம். ஒரே இரவு! அதனால் கதையையும் தோற்றத்தையும் முடிவு செய்யும்போதே ஈவிக்கு ஏற்ற மாதிரி யோசியுங்கள். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா அனிமேஷன் படமான 'ஃப்ளோ' முழுவதும் பிளெண்டரில் ஈவியைக் கொண்டு ரெண்டர் செய்யப்பட்டதுதான். ஈவி மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சைக்கிள்ஸ்தான் வேண்டும் என்று சில ஷாட்டுகள் இருக்கும். அங்கே சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்பதை) கவனியுங்கள். பிளெண்டர் தானாக வைத்திருக்கும் எண்ணிக்கை 4096. அதை 128 அல்லது 256-க்கு இறக்கி, படத்தில் வரும் புள்ளிகளை நீக்கும் டீநாய்சரை ஆன் செய்யுங்கள். ரொம்பவும் இறக்கினால் ஃபிரேமுக்கு ஃபிரேம் நிழல் மினுமினுக்கும். அதனால் முழு ஷாட்டையும் போடுவதற்கு முன் 20 ஃபிரேம் மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். கேமரா அசையாத ஷாட் என்றால் பின்னணியை ஒரே ஒரு ஃபிரேம் நல்ல தரத்தில் எடுத்துவிட்டு, கதாபாத்திரத்தை மட்டும் தனியாக ரெண்டர் செய்து மேலே வைக்கலாம். நிழலைத் தனியாகப் பிடிக்க 'ஷேடோ கேச்சர்' இருக்கிறது.

அப்புறம் ஷீப்இட் என்று ஒரு இலவச ரெண்டர் கூட்டமைப்பு இருக்கிறது. நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டர் மற்றவர்களின் ஃபிரேமை ரெண்டர் செய்து புள்ளி சேர்க்கும். உங்கள் படம் வரும்போது மற்றவர்களின் கம்ப்யூட்டர்கள் உங்களுக்கு உழைக்கும். இன்று முதலே அதை ஓடவிட்டுப் புள்ளி சேர்க்கத் தொடங்குங்கள், படம் தயாராகும்போது கையில் இருக்கும்.

கேள்வி (தஞ்சாவூர் அருகே ஒரு கிராமம்): எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகும். நேற்று ராத்திரி முழுவதும் ரெண்டர் போட்ட எம்பி4 கோப்பு காலையில் திறக்கவே இல்லை. பெரிய யூபிஎஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வீடியோவாக நேரடியாக ரெண்டர் போடுவதை இன்றே நிறுத்துங்கள். பாதியில் கரண்ட் போனால் எம்பி4 கோப்பு மூடப்படாமல் மொத்தமும் போய்விடும். அவுட்புட்டை பிஎன்ஜி என்று வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக வந்து உட்காரும். அங்கேயே 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிடுங்கள். 900-வது ஃபிரேமில் கரண்ட் போனால், வந்ததும் கடைசியாக எழுதிய கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ரெண்டர் அழுத்துங்கள். இருக்கிற படங்களைத் தாண்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். எல்லாம் முடிந்த பிறகு பிளெண்டரின் வீடியோ எடிட்டரிலேயே படங்களைக் கோர்த்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், சில நிமிட வேலை.

யூபிஎஸ் வேண்டும்தான், ஆனால் கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைத்தால் போதும். கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு அது சரி. 3060 மாதிரி 170 வாட் கார்டு ரெண்டரில் முழு மூச்சாக ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும், எனவே 1000 விஏ பாருங்கள். விஏ எண்ணை விட்டுவிட்டு, பின்பக்க ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.