என் நாய்க்கு 6 வயது, குண்டாகிவிட்டது, எதிலும் ஆர்வமில்லை. அதன் ஆரோக்கியத்துக்கும் சந்தோஷத்துக்கும் எப்படி இலக்கு வைப்பது?

"இந்த வருடம் இவனை ஒழுங்காகக் கவனிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜூலையில் நானும் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்கள் பொம்மி லாப்ரடாரும் தெரு நாயும் கலந்தவள். அப்போது அவளுக்கு 7 வயது. மந்தைவெளியில் இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அந்த வருடம் அவள் முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட ஆரம்பித்தாள், கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுவாள், எழுந்திருக்க மாட்டாள். வயதாகிவிட்டது என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம். மூன்று மாதம் அப்படியே விட்டது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். ஆகவே முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எந்த இலக்கும் வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். மந்தமாக இருப்பதும் எடை கூடுவதும் தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கலாம், மூட்டுவலியாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம். வலியில் இருக்கும் நாயை ஆரோக்கியத்துக்காக என்று வாக்கிங் இழுத்துக்கொண்டு போவது பாவம்.

நாங்கள் வேப்பேரிக்குப் போனோம். 1903-லிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னையில் மாடு, ஆடு, கிளி என்று எதற்கு முடியாமல் போனாலும் கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம். பொம்மி 31.4 கிலோ இருந்தாள். ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது. டாக்டரம்மா அவள் விலாவில் கையை வைத்து அழுத்தாமல் தடவிப் பார்த்தார், அப்புறம் என் கையை எடுத்து அங்கே வைத்தார். "எலும்பு தட்டுப்படுதாம்மா? தட்டுப்படணும். மேலேருந்து பார்த்தா இடுப்பு உள்வாங்கித் தெரியணும்." உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்களாம், நாய்க்கு 4, 5 நல்ல அளவு, பொம்மிக்கு 8 போட்டார். 25 கிலோ பக்கம் வரவேண்டும், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 800 கலோரி போதும், வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் நல்லது, 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் வைத்த இலக்கு, "பொம்மி 6 கிலோ குறைய வேண்டும்". இந்த இலக்கு ஒரு மாதம் எந்தப் பலனும் தரவில்லை. ஏனென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து "6 கிலோ குறை" என்பதை யாராலும் செய்ய முடியாது, அதில் செய்வதற்கென்று ஒரு வேலையும் இல்லை. எடை அவளுடையது, கரண்டி எங்கள் கையில் இருக்கிறது. அதனால் இலக்கை எங்களுக்கு வைக்க வேண்டும் என்று புரிய அவ்வளவு நாள் ஆனது. நீங்களும் நாய்க்கு இலக்கு வைக்காதீர்கள், உங்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வையுங்கள், அதுவும் இன்றைக்குச் செய்தோமா இல்லையா என்று ஆம், இல்லை பதில் வருகிற மாதிரி வையுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே எழுதினோம். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில், யார் எதைக் கொடுத்தாலும் குறிக்க வேண்டும், கோபப்பட மாட்டோம் என்று பேச்சு. "ரெண்டு வேளைதான் சாப்பிடுறா" என்று நான் டாக்டரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். வாரக் கடைசியில் தாள்களைப் பார்த்தால், அப்பா காலை காபிக்கு 4 பிஸ்கட், மாலை டீக்கு 4, கீழ்வீட்டுப் பாட்டி 3, அம்மா மதியம் மிச்சமான தயிர்சாதம் ஒரு கரண்டி, இதெல்லாம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மேல். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் சுமார் 25 கலோரி, 11 பிஸ்கட் என்றால் 275, அவளுக்கு எழுதிக் கொடுத்த 800-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிலேயே போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கொடுத்தார்கள், மற்றவர் கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில்லா ஜீவன், அது முகத்தைப் பார்த்துட்டு எப்படிக் கொடுக்காம இருக்கிறது?" அவருக்கு நான் கோபமாகப் பதில் சொல்லவில்லை, ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னேன். நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதைவிட அதன் ஜோடிக்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து, 14 வருடம் பார்த்தார்கள், முடிவு 2002-ல் வெளியானது. அதிகமாகச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் (அதாவது பாதி நாய்கள் தாண்டிய வயது) 11.2 வருடம், குறைவாகச் சாப்பிட்டு மெலிந்திருந்தவற்றுக்கு 13 வருடம், மூட்டுத் தேய்மானமும் இவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. "கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட இருப்பாப்பா" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் தேடி எடுத்து வந்தார்.

அந்த டப்பாதான் எங்கள் வீட்டின் முதல் இலக்கு. காலையில் அவளுடைய அன்றைய உலர் உணவை எடை போட்டு எடுத்து, அதிலிருந்தே ஒரு கைப்பிடி அந்த டப்பாவில் போடுவோம், கூட வெள்ளரிக்காய், கேரட் துண்டுகள். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். தீனி என்று தனியாக ஏதாவது கொடுத்தால் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது. அப்பாவின் காபி நேரமும் போகவில்லை, பொம்மி அவர் காலடியில் உட்காருவதும் போகவில்லை, கையில் இருப்பது மட்டும் மாறியது. சாம்பார் சாதத்தை அடியோடு நிறுத்தினோம், எடைக்காக மட்டும் இல்லை, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, சாக்லேட் பக்கமே போகாதீர்கள். (பூனை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள், சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே அதன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.)

எடை பார்க்க மாதத்துக்கு இரண்டு முறை, எங்கள் தெரு அரிசிக் கடைத் தராசு. மூட்டை வைக்கும் தட்டில் அவளை ஏற்றுவோம், கடைக்கார அண்ணன் பொறுமையாக நின்று எண்ணைப் படிப்பார். 31.4, 31, 30.7 என்று இறங்கியது. டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, ஐந்து நாள் வாக்கிங் கிடையாது, வீட்டில் இருந்ததை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம், அவளும்தான். அடுத்த முறை தராசில் 400 கிராம் ஏறியிருந்தது. அன்றைக்கு அம்மா "விடு, நாளைக்கு டப்பாவை எடு" என்று சொன்னதால்தான் தொடர்ந்தோம். மார்ச் கடைசியில் 26 கிலோ. எட்டு மாதம். அந்த வாரத்தில் ஒரு நாள், நிற்காமல் இரண்டாவது மாடி வரை ஏறி, கதவு முன்னால் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

சரி, சந்தோஷம். இங்கேதான் நான் அதிகம் தப்பு செய்தேன். நாய் என்றால் பீச், ஓட்டம், பந்து என்று என் மனதில் ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுக்கு அழைத்துப் போனேன், நான்கு வாரம் விடாமல். அங்கே அவள் கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள், வால் காலுக்கிடையில் போய்விட்டது. தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். அதெல்லாம் பதற்றத்தின் அடையாளங்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு கூட்டம், பலூன், பஜ்ஜிக் கடை சத்தம், அது எனக்குப் பிடித்த இடம், அவளுக்கு இல்லை.

அப்புறம் இரண்டு வாரம், கயிற்றைத் தளர்த்தி விட்டுவிட்டு, அவளாக எங்கே போகிறாள் என்று மட்டும் கவனித்தேன். காலை ஐந்தரை மணிக்கு, தெருமுனைப் பூவரச மரத்தடி. பிறகு மீன்காரம்மா முந்தின நாள் கூடை வைத்த இடம். ஒரு மதில் சுவரின் அடிப்பக்கம், அங்கே மட்டும் மூன்று நிமிடம் நின்று மோப்பம் பிடிப்பாள், வால் தளர்வாக ஆடும், காது இளகியிருக்கும். நாங்கள் இத்தனை வருடம் "வா, வா" என்று இழுத்துக்கொண்டு நடந்தது, செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி. இப்போது இலக்கு இதுதான், தினமும் காலையில் 25 நிமிட நடை, அதில் முதல் 10 நிமிடம் வழி அவளுடையது, நான் இழுக்கக் கூடாது. அதிக தூரம் போவதில்லை, சில நாள் ஒரே தெருதான், ஆனால் வீட்டுக்கு வந்ததும் திருப்தியாகப் படுத்துத் தூங்குகிறாள். மழை நாளில் பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் அவள் சாப்பாட்டை ஒளித்து வைத்தால் அதே மூக்கு வேலை வீட்டுக்குள் நடக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தனியாக ஒரு விதி வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் 7 நொடி வையுங்கள், வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுவோம், சாயங்காலம் இருட்டின பிறகுதான் கீழே இறங்குவோம்.

மாதா மாத இலக்கு என்று ஒன்றே ஒன்று வைக்க முடியும் என்றால் உண்ணிக்கு வையுங்கள். குளிர் நாடுகளில் சில மாதம் ஓய்வு உண்டு, சென்னையில் வருடம் முழுக்க உண்ணி. பொம்மிக்கு 2022-ல் உண்ணிக் காய்ச்சல் வந்து தட்டணுக்கள் இறங்கி, மூக்கில் ரத்தம் வந்து, பத்து நாள் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இப்போது மாதம் 1-ம் தேதி உண்ணி மாத்திரை, தினமும் இரவு காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒரு நிமிடம் தடவிப் பார்ப்பது அப்பாவின் வேலை. சாப்பிடாமல் படுத்தால், ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே ஓடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி, வருடா வருடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, இவை நாள்காட்டியில் வட்டம் போட்டால் முடிந்தது. பல் தேய்ப்பதும் அப்படித்தான், முதல் வாரம் உதட்டை மட்டும் தொட்டுப் பழக்குங்கள், நம்முடைய பேஸ்ட் வேண்டாம், நாய்களுக்கென்று தனியாகக் கிடைக்கிறது.

இப்போது அவளுக்கு 9 வயது. பின்னங்காலில் லேசாக மூட்டுத் தேய்மானம் தெரிகிறது என்றார்கள். அதனால் இந்த வருட இலக்குகள் வேறு, டைல்ஸ் தரையில் அவள் நடக்கிற பாதை முழுவதும் வழுக்காத விரிப்பு, தூங்கும்போது வாரம் ஒருமுறை மூச்சை எண்ணுவது (நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும்). இரண்டு வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

உங்கள் நாயை இந்த வாரம் டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் ஒரு தாளை ஒட்டி ஏழு நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாமல். எழுதியதை இங்கே கீழே போடுங்கள், முதல் இலக்கு எதுவாக இருக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம். அப்படியே அவன் பெயரையும் சொல்லுங்கள், நீங்கள் கேள்வியில் எழுதவில்லை.