மாரத்தானை டிவியில் பார்க்கும்போது பந்தயம் எங்கே தொலைந்துபோகிறது?

கேள்வி: "எனக்கு வயது 41. வார இறுதியில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓடுவேன். இரண்டு ஹாஃப் மாரத்தான் முடித்திருக்கிறேன். லண்டன், பெர்லின், சிகாகோ மாரத்தான்களை ஆசையோடு நேரலையில் பார்க்க உட்காருகிறேன். ஒரு மணி நேரம் ஆறேழு முகங்கள் ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருக்கின்றன. விளம்பரம் முடிந்து வந்தால் ஒருவர் மட்டும் தனியாக ஓடுகிறார். நடுவில் என்ன நடந்தது, எப்போது பிரிந்தார், பின்னால் இருப்பவர் எவ்வளவு தூரத்தில் வருகிறார், எதுவும் தெரிவதில்லை. பெண்கள் பந்தயத்தை எப்போதாவது எட்டிப் பார்க்கிறார்கள். 'இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறீர்கள்?' என்று மனைவி கேட்கிறார், பதில் சொல்ல முடியவில்லை. ஒளிபரப்பு மோசமா, எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா?"

இரண்டும்தான். ஆனால் முக்கால் பங்கு தப்பு அவர்கள் மேல். நான் பல வருடம் விளையாட்டு நேரலைகளில் ஓபி வேனுக்குள் (களத்திலிருந்தே ஒளிபரப்பை இயக்கும் வண்டி) உட்கார்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

2025 லண்டன் மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சோகே, கிப்லிமோ, டோலா என்று பெரிய பெயர்கள் ஒரே கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆனபோது தண்ணீர் மேசை வந்தது. மற்றவர்கள் தங்கள் பாட்டிலை எடுக்க ஒதுங்கினார்கள். கென்யாவின் சபாஸ்டியன் சாவே அந்த நொடியில் வேகத்தைக் கூட்டினார். அதோடு பந்தயம் முடிந்த மாதிரிதான். அவர் 2:02:27-ல் முடித்தார், இரண்டாவதாக வந்த கிப்லிமோவுக்கும் அவருக்கும் 70 விநாடி வித்தியாசம். இரண்டு மணி நேர ஓட்டத்தின் விதி சில விநாடிகளில் எழுதப்பட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து நீங்கள் டீ போடப் போயிருந்தாலோ, உங்கள் சேனல் விளம்பரத்துக்குப் போயிருந்தாலோ, மிச்சம் இருந்தது ஒருவர் தனியாக ஓடும் காட்சி மட்டுமே.

கால்பந்தில் பந்து இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். மாரத்தானில் பந்து இல்லை. ஆட்டம் இருப்பது இருவருக்கு நடுவில் உள்ள இடைவெளியில். கேமராவுக்கோ முகம்தான் பிடிக்கும், இடைவெளியை எடுக்க அதற்குத் தெரியாது.

சரி, படம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் கேமராக்காரர் பின்புறம் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த வண்டியிலிருந்து சிக்னல் மேலே பறக்கும் ஹெலிகாப்டருக்கோ சிறு விமானத்துக்கோ போகும். அது உயரமான கட்டடத்தின் மேல் இருக்கும் ரிசீவருக்குத் தள்ளிவிடும், அங்கிருந்து ஓபி வேனுக்கு வரும். சுரங்கப்பாதைக்குள் போனாலோ, லண்டனின் கேனரி வார்ஃப் மாதிரி உயரக் கட்டடங்களுக்கு நடுவில் நுழைந்தாலோ படம் உடையும். வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் இறங்கிவிட்டால் இன்னும் கஷ்டம். இப்போது பல சிம்களை ஒன்றாகக் கட்டி மொபைல் நெட்வொர்க்கிலேயே அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் சாலையோரம் லட்சம் பேர் நின்று போனில் வீடியோ அனுப்பும்போது அதுவும் திணறும். ஒரு உள்ளூர் ஓட்டத்தின் நேரலையில் ஏழு நிமிடம் முதலிடக்காரரின் உறைந்த முகத்தையே காட்டிக்கொண்டிருந்தோம். அப்போது வர்ணனையாளர் அந்த ஊர் பிரியாணியைப் பற்றிப் பேசியே சமாளித்தார், பாவம்.

ஆனால் ஒன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே மாரத்தானை முழுப்பாதையும் நேரலையில் காட்டியிருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா ஓடி ஜெயித்ததை ஜப்பானியர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அறுபது வருடம் கழித்தும் கருவியின் மேலேயே பழியைப் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரிய ஏமாற்று லென்ஸில் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியிலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் தூரம் சுருங்கிவிடும். முதல் ஆளின் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வருவது போலத் தெரியும். உண்மையில் அவர் ஐம்பது மீட்டர் தள்ளி இருப்பார். எதிர்த்திசையிலும் இதே கதைதான். யாரோ மெல்லக் கழன்று பின்தங்குவது முன்பக்கப் படத்தில் தெரியவே தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். பக்கவாட்டுப் படம், ஹெலிகாப்டர் படம், இரண்டும்தான் உண்மை பேசும். அவை வரும்போது போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

அவை வராவிட்டால் நீங்களே அளக்கலாம். சாலையோரம் ஒரு விளக்குக் கம்பத்தையோ விளம்பரப் பலகையையோ கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் அதைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள், அடுத்தவர் அதே இடத்தைத் தாண்டும்போது நிறுத்துங்கள். முன்னணி ஆண்கள் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 55 விநாடி வேகத்தில் ஓடினால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர். பத்து எண்ணினால் 57 மீட்டர். பெண்கள் 3:20 வேகத்தில் ஓடினால் ஒரு விநாடிக்குச் சரியாக 5 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் பந்தயம். வேறெதையும் பார்க்காமல் இதை மட்டும் செய்தால்கூட உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது. சைக்கிள் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் சிலேட்டில் இடைவெளியை எழுதிக் காட்டிக்கொண்டே போவார். அவ்வளவு எளிய வேலை இது!

அடுத்தது ஸ்ப்ளிட், அதாவது ஒவ்வொரு பகுதித் தூரத்துக்கும் ஆன நேரம். நீங்கள் ஓடுகிறவர், இது உங்களுக்குப் பழக்கம்தான். பெரிய மாரத்தான்களில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை தரையில் டைமிங் பாய் விரித்திருப்பார்கள், ஓடுபவரின் சிப் அதில் பதிவாகும். திரையில் ஒரு நிமிடம்தான் அந்த எண் நிற்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கிலோமீட்டர் சரியாக 15 நிமிடம் என்றால் முடிவு நேரம் 2:06:35 அளவில் வரும். 14:30 வந்தால் வேகம் கிலோமீட்டருக்கு 2:54, அதாவது ஆள் தீவிரமாக ஏதோ செய்கிறார். 2023 சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடினாரே, அதில் 30-லிருந்து 35 கிலோமீட்டர் வரையிலான பகுதியை 13:51-ல் கடந்தார். திரையில் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எண்ணைப் பார்த்தவர்கள்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அதே வருடம் லண்டனிலும் அப்படித்தான்: முதல் பாதி 61:40, இரண்டாம் பாதி 59:45.

துரத்தல் நடக்கும்போது சின்னக் கணக்கு ஒன்று போடலாம். 35 கிலோமீட்டரில் முதல் ஆள் 40 விநாடி முன்னால் இருக்கிறார் என்று வையுங்கள். பின்னால் வருபவர் கிலோமீட்டருக்கு 5 விநாடி வேகமாக வருகிறார். மிச்சம் 7.195 கிலோமீட்டர். பெருக்கினால் 36 விநாடி, எட்டிப் பிடிக்க முடியாது, நான்கு விநாடி குறைகிறது. அதே ஆள் 6 விநாடி வேகமாக வந்தால் 43. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்துவிடுவார். ஒரே ஒரு விநாடி. இந்தக் கணக்கைத் திரையில் போட எந்த வர்ணனையாளருக்கும் மனம் வருவதில்லை, எனக்கு அது இன்றுவரை புரியவில்லை. 2018 பாஸ்டனில் கொட்டும் மழையிலும் குளிரிலும் ஜப்பானின் யூகி கவாவுச்சி, முடிவுக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது ஜெஃப்ரி கிருயியைத் தாண்டினார். அதுவரை கிருயிதான் ஜெயிப்பார் என்று முகங்களை மட்டும் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பெண்கள் பந்தயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே அலட்சியமும் உண்டு, கடிகாரத்தின் சதியும் உண்டு. லண்டனில் முன்னணிப் பெண்கள் ஆண்களுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் 2 மணி 18 நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்றால், அப்போது ஆண்கள் ஓடத் தொடங்கி 1 மணி 48 நிமிடம். கிலோமீட்டருக்கு 2:55 வேகத்தில் அவர்கள் 37 கிலோமீட்டர் அருகில் இருப்பார்கள். பெண்கள் கோட்டைத் தொடும் நேரமும், ஆண்கள் ஒருவரை ஒருவர் உடைக்கும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. இயக்குநர் எதைக் காட்டினாலும் இன்னொன்று போச்சு. திரையை இரண்டாகப் பிரித்து வைப்பதுதான் ஒரே நியாயம். அதைச் செய்தால் படம் சின்னதாகிவிடும் என்று சொல்வார்கள். சின்னதாகட்டுமே.

பெர்லின், சிகாகோவில் வேறு மாதிரி. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதால் முன்னணிப் பெண்ணைச் சுற்றி ஆண் பேஸர்களும் (வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடுபவர்கள்) வேகமான அமெச்சூர் ஆண்களும் ஓடுவார்கள். படத்தில் யார் யாரோடு போட்டியிடுகிறார் என்றே தெரியாது. அங்கே பெண்கள் பந்தயத்தைப் பார்க்க ஸ்ப்ளிட் தாள் ஒன்றுதான் வழி.

2023 லண்டனில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் ஓடியதைத் தேடிப் பாருங்கள், நல்ல பயிற்சி. இடுப்பு வலியால் பாதி வழியில் நின்று காலை நீட்டி மடக்கினார், முன்னணிக் கூட்டம் போய்விட்டது. கடைசியில் 2:18:33-ல் அவரே ஜெயித்தார். இரண்டாம், மூன்றாம் இடங்கள் நான்கு, ஐந்து விநாடியில் வந்தன. நின்றது நாடகம், எல்லாக் கேமராவும் அதைக் காட்டும். திரும்பி வந்தது பொறுமையான வேலை, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சில விநாடிகளாகச் சுரண்டி எடுத்தது. அவர் தண்ணீர் எடுக்கக் குறுக்கே போனபோது ஒரு மோட்டார் சைக்கிளில் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டார் என்பது தனிக்கதை.

வர்ணனை பற்றி நிறையப் பேச மனமில்லை. பாதிப் பேர் பந்தய இடத்திலேயே இருப்பதில்லை, எங்கோ ஒரு ஸ்டுடியோவில் நீங்கள் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அதனால் படத்தில் இல்லாதது அவர்களுக்கும் தெரியாது. நல்லவர்கள் கையில் ஸ்ப்ளிட் அட்டவணை இருக்கும், அதிகம் அறியப்படாத ஓட்டக்காரர்களைப் பற்றியும் வீட்டுப்பாடம் செய்திருப்பார்கள். அதே 2018 பாஸ்டனில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், முழுநேர வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்த செவிலியர், ஓட்ட உலகிலேயே பலருக்குப் புதிய பெயர். அந்த மாதிரி நாளில்தான் வீட்டுப்பாடம் செய்தவர் யார் என்று தெரியும்.

எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி கேட்டால் ஜப்பானைத்தான் சொல்வேன். ஜனவரி 2, 3 தேதிகளில் ஹகோனே எகிடென் என்ற பல்கலைக்கழக அஞ்சல் ஓட்டம் நடக்கும். இரண்டு நாளில் 217.1 கிலோமீட்டர், பத்துக் கட்டம், ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் மலையேற்றம். 1987 முதல் நிப்பான் டிவி இதை நேரலையில் காட்டுகிறது, ஊரே புத்தாண்டு விடுமுறையில் உட்கார்ந்து பார்க்கிறது. முதலிடத்துக்கு ஒரு வண்டி, அடுத்தடுத்த கூட்டங்களுக்குத் தனி வண்டிகள், அப்புறம் மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றிலும் பேச ஆள் இருக்கிறார், "இரண்டாம் வண்டி, சொல்லுங்கள்" என்று பேச்சைக் கைமாற்றுவார்கள். பத்தாம் இடத்துக்காக இருவர் மோதிக்கொள்வதைக்கூடக் காட்டுவார்கள், ஏனென்றால் முதல் பத்துக்குள் வந்த அணிக்குத்தான் அடுத்த வருட இடம் உறுதி. அங்கே இருக்கும் கேமராவும் மலையும் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை இல்லை. பந்தயம் முதல் ஆளோடு முடிந்துவிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி அடுத்த முறைக்கு. பந்தயத்தின் அதிகாரபூர்வ டிராக்கிங் செயலியில் ஐந்தாறு பெயர்களை முன்பே போட்டு வையுங்கள். ஒரு எச்சரிக்கை: இணைய நேரலை நிஜத்தைவிட அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் தாமதமாக வரும். டிவியில் கூட்டம் ஒன்றாக ஓடும்போதே செயலியில் முடிவு வந்துவிடலாம். கடைசி ஐந்து கிலோமீட்டரில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவது நல்லது. முதல் 25 கிலோமீட்டர் பெரும்பாலும் பேஸர்கள் இழுத்துக்கொண்டு போவதுதான், அந்த நேரத்தில் சமையல், துணி, எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். 30-லிருந்து 38 வரை எழுந்திருக்காதீர்கள். தண்ணீர் மேசை வரும்போது கண்ணிமைக்காதீர்கள். முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தோளைப் பாருங்கள். தோள் உயர ஆரம்பித்தால், தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால், அடுத்த ஸ்ப்ளிட்டில் அது எண்ணாக வரும்.

நம் நேரப்படி பெர்லின் மதியம் ஒரு மணிக்கு முன்பாகவும், லண்டன் பிற்பகலிலும், சிகாகோ, பாஸ்டன், நியூயார்க் மாலையிலும் தொடங்கும். டிவிக்கு வீட்டில் போட்டி அதிகம் என்றால் மார்ச் தொடக்கத்தில் நடக்கும் டோக்கியோவைப் பாருங்கள். காலை 5:40 மணி அளவில் தொடங்கி, எட்டு மணிக்குள் முன்னணி ஆட்டம் முடிந்துவிடும். மனைவி எழுந்து வரும்போது உங்கள் கையில் எண்கள் நிறைந்த ஒரு தாள் இருக்கும். "என்ன இது?" என்று கேட்டால் 35-வது கிலோமீட்டரிலிருந்து சொல்ல ஆரம்பியுங்கள்.