மகனுக்குக் கணைய ஸ்கேன்: ஊருக்குப் போக வேண்டாம், தம்பி

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஏழு வயது மகனுக்கு அடிக்கடி மேல்வயிற்று வலி, கணையத்தைப் பார்க்க எம்ஆர்சிபி எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செலவு எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா, சென்னைக்கே போய் எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

போகாதீர்கள். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியிருந்தால் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவமனையில் இதற்குத் தனியாகப் பணம் கிடையாது. எம்ஆர்சிபி என்பதும் கணைய, பித்த நாளங்களைப் படமெடுக்கும் எம்ஆர்ஐதான். காந்தத்தில் இயங்குவது, சிடி ஸ்கேன் போலக் கதிர்வீச்சு இல்லை.

என் மகளுக்கும் ஆறு வயதில் இதே வலி. சூட்டு வலி என்று வெந்தயமும் மோரும் கொடுத்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். ஒரு ராத்திரி வாந்தி நிற்கவில்லை. முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, கணைய அழற்சி என்றார்கள்.

ஸ்கேன் அன்று வெறும் வயிற்றோடு போனோம். அங்கே கொஞ்சம் அன்னாசிச் சாறு கொடுத்தார்கள். அதிலுள்ள மாங்கனீஸ், இரைப்பையிலும் சிறுகுடலிலும் இருக்கும் நீரைப் படத்தில் கறுப்பாக்கிவிடுமாம். அப்போதுதான் பக்கத்திலிருக்கும் மெல்லிய நாளங்கள் தனியாகத் தெரியும். எல்லா இடத்திலும் கொடுப்பதில்லை, நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் மூச்சை அடக்கச் சொல்வார்கள். வயிற்றில் பொம்மையை வைத்து, அது அசையாமல் பத்து எண்ணுகிற விளையாட்டை ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்கினேன். ரொம்ப உதவியது.

பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார். கறுப்பில் வெள்ளை நூல் போல இரண்டு கோடுகள், ஒன்றோடொன்று சேராமல். கருவில் கணையம் இரண்டு மொட்டாகத் தொடங்கி ஒன்றாகும்போது நாளங்களும் சேர வேண்டும், இவளுக்குச் சேரவில்லை. பான்கிரியாஸ் டிவைசம் என்று பெயர். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வார்த்தையைப் பார்த்ததும் கலங்காதீர்கள். வீக்கம் உண்டா, நாளம் விரிந்திருக்கிறதா, கல் இருக்கிறதா, உங்கள் மகன் வலிக்கு இதுதான் காரணமா என்று கேளுங்கள். குழந்தைகளின் கணையம் உடம்பளவுக்குப் பெரியவர்களுடையதைவிடப் பருமனாகவே இருக்கும். அதனால் குழந்தைகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் பார்த்தாரா என்றும் தயங்காமல் கேட்கலாம்.

கடிதத்திலுள்ள எண்ணுக்கு இன்றே போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், இலவசம்தான். ஊரில் எடுத்த ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேனுக்கு முன்பே வலி முதுகுப் பக்கம் பரவினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தேதிக்குக் காத்திருக்காமல் நேராக ஏ அண்ட் இ என்ற அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.