எட்டு மாத நாய் ஆடுகளைத் துரத்துகிறது. நாலு அடி போட்டால் திருந்திவிடுமா?

பக்கத்துத் தோட்டத்துச் செம்மறிகளை உங்கள் எட்டு மாத நாய் துரத்துகிறது, வீட்டில் எல்லோரும் நாலு அடி போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அடி வாங்கிய நாய், உங்கள் கையில் தடி இருக்கும்போது துரத்தக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். நீங்கள் சந்தைக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்கும்.

இனத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் இவற்றில் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது சிப்பிப்பாறைப் பெட்டை, பெயர் பொன்னி. நான் கால்நடை மருத்துவரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே அப்பா விட்டுப்போன கொறங்காட்டையும் கொஞ்சம் தென்னையையும் பார்த்துக்கொள்கிறவள். அதனால் "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொறங்காடு என்பது மழையை நம்பிய மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. பக்கத்துக் காட்டுப் பெரியவர் அதில் மேச்சேரி இனச் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரியில்தான் அவருடைய மந்தை காலையும் மாலையும் போய்வரும். அங்கேதான் ஒரு நாள், பிடித்திருந்த அண்ணன் மகன் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு பொன்னி பாய்ந்துவிட்டாள். ஒரு ஆட்டின் மேலும் பல் படவில்லை. ஆனால் மந்தை மொத்தமும் வேலி முக்கில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டது. நிறைசினையாக இருந்த ஒரு ஆடு மறுநாள் விடியற்காலையில் கரு கலைந்து குட்டியை வீசிவிட்டது.

"கடிக்கவில்லையே, விளையாட்டுக்குத்தானே ஓடியது" என்று சொல்லும் ஒவ்வொருவரையும் அன்று அந்தப் பட்டியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். ஓடி மூச்சு முட்டியே செம்மறி சாகும். நாய் பல்லைக் காட்ட வேண்டும் என்பதே இல்லை.

நட்டத்தைக் கொடுத்தேன். பெரியவர் வாங்கிக்கொண்டு, "அம்மணி, இந்தச் சாதி நாய் திருந்தாது. யாருக்காவது பிடித்துக் கொடுத்துவிடு" என்றார். "கொஞ்ச நாள் பொறுங்கள் பெரியப்பா, அதுவரை இவள் கயிறு இல்லாமல் இட்டேரியில் இறங்க மாட்டாள்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊரில் சொன்ன வைத்தியங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முட்டுகிற கிடாயோடு சேர்த்து அறையில் பூட்டு என்பார்கள். கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடு என்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மின்சாரம் தட்டும் கழுத்துப்பட்டை வாங்கச் சொன்னார். கிடாயோடு பூட்டினால் நாயின் விலா உடையலாம். உடையவில்லை என்றால், முட்ட வருகிற ஆட்டை எங்கே கடித்தால் நிற்கும் என்று அது கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது துரத்துகிற நாய் இல்லை, கடிக்கிற நாய். மின்சாரப் பட்டையிலும் எனக்கு இதே பயம்தான். வலி வந்த நேரத்தில் கண்ணெதிரே நின்றது ஆடு என்றால், வலிக்கு ஆடுதான் காரணம் என்று நாய் நினைக்காதா? முறையாகக் கற்றுப் பயன்படுத்துகிறோம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், துரத்துவதற்கு நாய்க்கு யாரும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டமே கூலி. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடுபவை. கரிசல் காட்டில் முயல் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனங்கள். (1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். அதற்கும் யோசனை கேட்டு யாரும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.) கண்ணெதிரே ஒன்று ஓடினால் பின்னால் ஓடு என்பது ரத்தத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஓடி ருசி காணும்போதும் பழக்கம் இறுகும். ஆகவே முதல் வேலை, இன்றிலிருந்து அது ஒரு தடவைகூட ஆட்டின் பின்னால் ஓட வாய்ப்புக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. இது நடக்காவிட்டால் மீதி எல்லாம் வீண்.

பதினைந்து மீட்டர் பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டாம், உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்போடு சேர்த்துப் போடும் பட்டையில் கட்டுங்கள். இந்த நாய்களுக்குத் தலை சிறியது, கழுத்துப்பட்டை சுலபமாக உருவிக்கொள்ளும். உருவாவிட்டால் முழு வேகத்தில் போய்க் கயிற்றின் முனையில் வெட்டும்போது கழுத்து என்னாவது?

நான் மத்தியான வேளையில் தொடங்கினேன். அப்போது ஆடுகள் வெள்வேல மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். வேலிக்கு இப்பால் வெகு தூரத்தில், ஆடு கண்ணுக்குத் தெரிந்தாலும் கொடுப்பதைத் தின்னும் அளவுக்குப் பொன்னிக்கு நிதானம் இருக்கும் இடத்தில் நின்றோம். ஈரலை வாங்கித் தின்ன மறுத்தால் கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள், பின்னால் போக வேண்டும். நாயின் வாயைக் கவனியுங்கள். வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருக்கும் நாய், துரத்த நினைத்த கணத்தில் வாயை மூடும். இரைப்பு சட்டென்று நிற்கும். பிறகு ஒரு முன்னங்கால் தரையிலிருந்து எழும், உடம்பின் பாரம் முன்னால் சாயும். கால் எழுந்த பிறகு நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. வாய் மூடும் நேரத்தில் பெயரைச் சொல்ல வேண்டும். தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தால் அந்த நொடியே வேகவைத்த கோழி ஈரல். திட்டு, அதட்டல் எதுவும் வேண்டாம். ஆட்டைப் பார்த்தால் அம்மணியிடம் திரும்ப வேண்டும், திரும்பினால் ஈரல். இந்த ஒரு கணக்கு மட்டும் அதன் மண்டையில் ஏறினால் போதும்.

படுத்த ஆட்டுக்குப் பழகியதும் மேய்கிற ஆடு. அதற்கும் பழகியதும் நடந்து போகிற மந்தை. கடைசியாக மாலை வேளை. அதுதான் இருப்பதிலேயே கடினம். பட்டியில் அடைத்திருந்த குட்டிகளைத் திறந்துவிட்டதும் அவை கத்திக்கொண்டு தாயைத் தேடித் தாறுமாறாக ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு பொன்னி என் காலடியில் படுத்திருக்கும் நிலை வர மாதங்கள் ஆயின. இடையிடையே பின்னடைவும் உண்டு. மழை பெய்து குளிர்ந்த நாட்களில் எல்லாவற்றையும் மறந்தவள்போல நடந்துகொள்வாள்.

ஓடும் ஆசையை அடக்க மட்டும் செய்தால் போதாது, வடிகாலும் வேண்டும். மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, அதில் கிழிந்த துணியை முடிந்து தரையோடு சுழற்றினேன். அதை ஆசைதீரத் துரத்தலாம். ஆனால் "இரு" என்றால் பாதி ஓட்டத்தில் நிற்க வேண்டும், நின்றால் மறுபடி துரத்தலாம். துணியைத் துரத்தும்போது நிற்காத நாய் ஆட்டைத் துரத்தும்போதும் நிற்காது.

ஒரு நாள் பெரியவரே மந்தையோடு வந்து இட்டேரியில் நின்று, கொஞ்ச நேரம் பார்த்தார். பொன்னி ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். "பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை. இருந்தாலும் இன்றைக்கும் நான் இல்லாத நேரத்தில் அவளை ஆட்டுப் பக்கம் அவிழ்த்துவிடுவதில்லை. முழுக்கத் திருத்திவிட்டேன் என்று மார்தட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

இதைக் கேட்காமலே சொல்கிறேன். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு நாய் வளர்ப்பது ஒரு பெருமையாகிவிட்டது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வெளியிட்டதைச் சொல்லாத ஆள் இல்லை. மீசை முறுக்கிய படத்தோடு குட்டியை வாங்கி, மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிவைக்கிறார்கள். ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. நாயை நெடுநேரம் சங்கிலியிலேயே கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெருமை அலுத்ததும் இரவோடு இரவாகக் காரில் கொண்டுவந்து எங்கள் பக்கத்துச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். சாலையோரம் கொட்டும் கோழிக் கழிவைத் தின்று கூட்டம் சேர்ந்த நாய்கள் ஆட்டுப்பட்டியில் புகுகின்றன. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் கடித்த ஆடுகளின் உடல்களோடு விவசாயிகள் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆத்திரத்தில் கயிற்றோடு நடந்து போகும் என் நாயையும் முறைக்கிறார்கள். முறைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்கு முன்னால் ஆட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய மந்தையை வைத்துப் பழக்காதீர்கள். சினையாடுகள் இருக்கும் மந்தையை நெருங்கவே வேண்டாம். நாய்க்குக் குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுங்கள், செத்த ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாகப் போடாதீர்கள். நாயின் வயிற்றிலிருந்து வரும் ஒரு நாடாப்புழுவின் முட்டை, மேய்ச்சல் புல் வழியாகப் போய் ஆட்டின் மூளையில் கட்டியாக வளரும். அந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து செத்துப்போகும்.

ஏற்கெனவே கடித்திருக்கிறது என்றால் என் முறை மட்டும் போதாது. வெளியே போகும்போதெல்லாம் வாய்க்கூடு போடுங்கள், நல்ல பயிற்சியாளரைப் பாருங்கள். கடிபட்ட ஆட்டின் காயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் விட்டால் புழு வைத்துவிடும். உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஆட்டுக்காரர் கேட்கும் பணத்தில் பேரம் பேசாதீர்கள்.