ஜாய்ஸும் பேரரசும்: வாசகர் கேள்விகள்

ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்தவரா, இல்லையா?

எதிர்த்தவர்தான், கொடி பிடித்தவர் இல்லை. 1907இல் திரியெஸ்தே நகரில் இத்தாலிய மொழியில் பேசியபோது, அயர்லாந்துக்கு இங்கிலாந்து செய்த கொடுமைகளை அடுக்கினார். அதோடு விடாமல், உள்ளத்தில் ரோம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபை, குடியேறி ஆளும்போது ஆங்கிலேயரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டார். கூட்டத்தில் கைதட்டு வாங்குகிற பேச்சா இது!

அவருடைய 'யுலிசிஸ்' நாவலில் நூறு பக்கம் படித்தேன். பேரரசு எங்கே இருக்கிறது?

முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. பால் கொண்டுவரும் கிழவியிடம் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயன் ஐரிஷ் மொழியில் பேசுகிறான். பிரெஞ்சா பேசுகிறீர்கள் என்று கேட்கிறாள் அவள். அந்த மொழியைப் பறித்தவர்கள் வீட்டுப் பிள்ளை அதைப் படித்துவைத்திருக்கிறான், பறிகொடுத்தவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எல்லாவற்றுக்கும் வரலாறுதான் காரணம் போலிருக்கிறது என்று ஹெய்ன்ஸ் நழுவிக்கொள்கிறான்.

எனக்குப் பிடித்தது பத்தாம் அத்தியாயம். அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசரின் பிரதிநிதியான வைஸ்ராயின் சாரட்டு ஊர்வலம் டப்ளின் தெருக்களில் போகிறது. சிலர் தொப்பியைக் கழற்றுகிறார்கள், சிலர் கவனிக்கவே இல்லை. வழியில் பாடில் என்ற சிற்றாறு, ராஜவிசுவாசத்தோடு சாக்கடை நாக்கை நீட்டுகிறது. ஆவேச வசனம் எதுவும் கிடையாது, அந்த ஒரு வரிதான்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தேசியவாதியைக் கேலி செய்கிறாரே?

கேலிதான். ஆனால் 'சிட்டிசன்' என்கிற அந்த ஆள் பஞ்சத்தைப் பற்றியும் கடற்படைக் கசையடியைப் பற்றியும் சொல்வதில் உண்மை இருக்கிறது. காங்கோ கொடுமைகளை அம்பலப்படுத்திய ரோஜர் கேஸ்மென்ட் பெயரும் அங்கே அடிபடுகிறது. அப்புறம் அதே வாய், யூத வம்சத்தில் வந்த கதாநாயகன் புளூமைப் பார்த்து உன் தேசம் எது என்று கேட்கிறது. இங்கே பிறந்தேன், அயர்லாந்து என்கிறான் புளூம். கடைசியில் அவனைக் குறிவைத்து பிஸ்கட் டின் பறக்கிறது. ஜாய்ஸின் கோபம் அந்த டின் மேல்தான்.

அவரிடம் கடைசிவரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் இருந்ததாமே?

ஆமாம். 1922இல் அயர்லாந்தில் சுதந்திர அரசு அமைந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. 1916இல் பிரிட்டிஷ் அரசின் நிதியுதவியும் வாங்கினார். முரண்பாடுதான், மறைக்க வேண்டியதில்லை.

நாவலில் இந்தியத் தொடர்பு ஏதாவது உண்டா?

சுற்றிவளைத்து ஒன்று உண்டு. புளூமின் மனைவி மோலியின் அப்பா ட்வீடி, ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைக்காரர். சென்னை, பம்பாய் பெயர்களில் இருந்த இரண்டு படைப்பிரிவுகளை இணைத்து 1881இல் உருவாக்கியதுதான் அந்தப் படை. அவை இரண்டும் முன்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சண்டை போட்டவை.