வெளிநாட்டில் ஐவிஎஃப்: விலைப்பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். எனக்கு 38 வயது. சொந்தக் கருமுட்டையில் ஐவிஎஃப் (முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ள செக் நாட்டில் இரண்டு மையங்களிடம் விலை கேட்டோம். ஒன்று 2,900 யூரோ, வெற்றி 50 சதவீதம் என்கிறது. மற்றது 4,600 யூரோ, 40 சதவீதம் என்கிறது. முதல் மையம்தானே லாபம்?

பதில்: இந்த நான்கு எண்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2,900 என்பது எதற்கான விலை, 50 என்பது எதில் 50 என்று தெரிந்த பிறகுதான் ஒப்பிடவே முடியும்.

முதலில் விலை. குறைந்த விலை சொல்லும் பட்டியல்களில் பெரும்பாலும் முட்டை எடுப்பது, ஆய்வகக் கட்டணம், ஒரு முறை கரு வைப்பது ஆகியவை மட்டுமே இருக்கும். ஊசி மருந்து தனி. ஒரு நாளைக்கு 150 முதல் 300 யூனிட், பத்து நாள் என்றால் 1,500 முதல் 3,000 யூனிட் மருந்து வேண்டும். 38 வயதில் மேல் அளவு தேவைப்படவே வாய்ப்பு அதிகம். ஐசிஎஸ்ஐ (ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்துவது), ஐந்தாம் நாள் வரை கருவை வளர்ப்பது, மயக்க மருந்து, உறையவைப்பு, உறைந்த கருவைச் சேமித்து வைக்க ஆண்டு வாடகை, உறைந்த கருவைப் பிறகு வைப்பது ஒவ்வொன்றும் தனி வரியாக வரலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் பட்டியலில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மையம்: 2,900. மருந்து 1,200. ஐசிஎஸ்ஐ 400. ஐந்து நாள் வளர்ப்பு 300. மயக்க மருந்து 150. உறையவைப்பும் முதல் ஆண்டு வாடகையும் 500. உறைந்த கருவை வைக்க 900. லண்டனில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 500. இரண்டு பயணம், தங்கும் செலவு 1,800. மொத்தம் 8,650. இரண்டாம் மையத்தில் ஐசிஎஸ்ஐ, வளர்ப்பு, மயக்க மருந்து, உறையவைப்பு எல்லாம் 4,600க்குள் அடக்கம் என்று வையுங்கள். மருந்து 1,200, பின்னர் கரு வைக்க 800, ஸ்கேன் 500, நேரடி விமானம் உள்ள ஊர் என்பதால் பயணம் 1,300. மொத்தம் 8,400. மலிவாகத் தெரிந்த மையம் 250 யூரோ கூடுதலாகிவிட்டது.

இனி வெற்றி விகிதம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சிகிச்சை தொடங்கிய 100 பெண்களில் எல்லோருக்கும் கரு கிடைத்துவிடுவதில்லை. பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்தவையாக இருக்கும், அதில் ஐந்தாறு கருவுறும், ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடிப்பவை இரண்டு அல்லது மூன்று. 38 வயதில் பத்து முட்டை கிடைக்காமலும் போகலாம். முதல் மையத்தின் 50 சதவீதம், கரு வைத்தவர்களில் கர்ப்பத்துக்கான ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்களின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய 100 பேரில் 70 பேர்தான் கரு வைக்கும் கட்டத்துக்கு வந்தார்கள் என்றால் பாசிட்டிவ் 35. அதில் 12 கர்ப்பம் தங்கவில்லை என்றால் குழந்தை 23. இரண்டாம் மையம் இதயத் துடிப்பு தெரிந்த கர்ப்பத்தை மட்டும் எண்ணி 40 என்கிறது என்றால், 75 பேருக்கு வைத்து 30 கர்ப்பம், 5 இழப்பு போக 25 குழந்தை. மொத்தச் செலவை இந்த விகிதத்தால் வகுத்தால், ஒரு குழந்தைக்கான செலவு முதல் மையத்தில் சுமார் 37,600 யூரோ, இரண்டாவதில் 33,600.

ஆகவே இரண்டு மையங்களுக்கும் இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "சொந்தக் கருமுட்டை, 38–39 வயது. உங்களிடம் ஊசி தொடங்கிய பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது? எந்த ஆண்டுக் கணக்கு?" தானக் கருமுட்டையின் முடிவையும் சொந்தக் கருமுட்டையின் முடிவையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறவர்களிடம் பிரித்துக் கேளுங்கள். தானம் தருபவர் இளம்பெண் என்பதால் அந்த விகிதம் எப்போதும் உயரமாகத்தான் இருக்கும்; அது உங்களுக்குப் பொருந்தாது. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பான எச்எஃப்இஏ ஒவ்வொரு மையத்தின் முடிவையும் வெளியிடுகிறது. வைக்கப்பட்ட ஒரு கருவுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43–44 வயதில் இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் வயதில் இதைவிட வெகு உயரமான எண்ணை ஒரு மையம் சொன்னால், எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பயணத்தையும் சரியாகத் திட்டமிடுங்கள். ஊசி 10 முதல் 12 நாள். கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். ஐந்து நாள் கழித்துக் கரு வைப்பு. முதல் ஸ்கேன்களை லண்டனிலேயே முடித்து, ஊசியின் எட்டாம் நாள் வாக்கில் கிளம்பினால் பத்துப் பன்னிரண்டு நாள் தங்க நேரும். முட்டை எடுக்கும் நாள் ஓரிரு நாள் நகரும். தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட் இங்கே மலிவாக இருக்காது. முட்டைகள் அதிகம் வந்தால் சினைப்பை வீக்கத்துக்குப் பயந்து எல்லாக் கருவையும் உறையவைத்துவிடுவார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் உங்களுக்கு இரண்டாம் பயணம் உறுதி. திரும்பி வந்தபின் வயிறு வேகமாக வீங்கினாலோ, ஒரே நாளில் ஒரு கிலோ எடை கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வெளிநாட்டு மையத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மருந்துச் சீட்டும் முட்டை எடுத்த அறிக்கையும் ஆங்கிலத்தில் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கருமுட்டை தானம்தான் ஒரே வழி என்று சொல்லிவிட்டார்கள். பிரிட்டனில் தமிழ் அல்லது தெற்காசியத் தானதாரருக்கு நீண்ட காத்திருப்பு. ஸ்பெயினில் உடனே கிடைக்கும் என்கிறார்கள். 'இரண்டு கரு உத்தரவாதம்' என்ற பேக்கேஜை நம்பலாமா?

பதில்: ஸ்பெயினில் தானதாரர் அடையாளம் சட்டப்படியே மறைக்கப்படும். புகைப்படம் கிடையாது, யார் என்று தேர்ந்தெடுப்பது மையம்தான். ரத்த வகை, நிறம், உடல்வாகு பார்த்துப் பொருத்துவார்கள். அங்கே தெற்காசியத் தானதாரர்கள் மிகக் குறைவு. 'உடனே கிடைக்கும்' என்றால் எந்த இனப் பின்னணி, புதிய முட்டையா, வேறு நாட்டு வங்கியிலிருந்து வரும் உறைந்த முட்டையா என்று எழுத்தில் கேளுங்கள். உறைந்த முட்டை உருகும்போது எல்லாமே பிழைப்பதில்லை.

'இரண்டு கரு' என்றால் எத்தனையாம் நாள் கரு? மூன்றாம் நாள் கரு இரண்டு என்பதும் ஐந்தாம் நாள் கரு இரண்டு என்பதும் ஒன்றல்ல. 'எட்டு முட்டை' என்று சொன்னால் முதிர்ந்த முட்டையா என்று கேளுங்கள். கணவரின் விந்தணுவில் குறை இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. ஒரே தானதாரரின் முட்டைகளை இரண்டு தம்பதிக்குப் பங்கிடுகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிந்த தானதாரரின் அடையாளத்தைப் பிள்ளை 18 வயதில் தெரிந்துகொள்ளலாம். ஸ்பெயினிலும் செக் நாட்டிலும் அந்த வழி மூடியே இருக்கும். பிள்ளைக்கு அந்த உரிமை வேண்டும் என்று நினைப்பவர்கள் 2018இல் மறைவுமுறை நீங்கிய போர்ச்சுகலை விசாரிக்கலாம். கிரீஸில் 2022 சட்டத்துக்குப் பிறகு இருவகைத் தானதாரரும் உண்டு. இன்னொன்று, அடையாளம் மறைத்த தானத்தில் உருவான மீதிக் கருக்களை பிரிட்டனுக்குக் கொண்டுவரப் பொதுவாக அனுமதி கிடைக்காது. அடுத்த பிள்ளைக்கும் அதே ஊருக்குத்தான் போக வேண்டும்; ஆண்டு வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

வயது வரம்பையும் பாருங்கள். செக் நாட்டில் பெண்ணின் 49ஆம் பிறந்தநாளுடன் கதவு மூடிவிடும். கிரீஸில் 54 வரை. தெற்காசியக் குடும்பங்களில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு இருப்பது அரிதல்ல. கணவருக்கு ஹீமோகுளோபின் பகுப்பாய்வுப் பரிசோதனையை உள்ளூரிலேயே முடித்து, தானதாரரின் பரிசோதனைப் பட்டியலிலும் அது இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

கேள்வி: டொரொண்டோவில் இருக்கிறோம். சென்னையில் மூன்றில் ஒரு பங்கு செலவில் முடியும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கரு மீதியானால் கனடாவுக்கு எடுத்து வந்துவிடலாமா?

பதில்: முதலில், ஒன்டாரியோ மாநிலம் 43 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஒரு ஐவிஎஃப் சுற்றுக்கு நிதி தருகிறது; மருந்துச் செலவு உங்களுடையது. காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுச் சென்னைக் கணக்கைப் பாருங்கள்.

இந்தியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஐவிஎஃப் செய்யும் மையம் இரண்டாம் நிலை மையமாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் நிலைப் பதிவு விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு மட்டும். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரை. தானக் கருமுட்டை என்றால், ஒரு பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒரே தம்பதிக்குத்தான் கொடுக்கலாம். அதனால் 'பதினைந்து தான முட்டை' என்று ஒருவர் வாக்களித்தால் அந்த வாக்கே சட்டத்துக்கு வெளியே இருக்கிறது, விலகிவிடுங்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பதும் குற்றம்.

மீதிக் கருவை எடுத்து வருவது சுலபமல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கு, அந்தச் சட்டப்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதியுடன் மட்டுமே நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாம். சேமிப்புக்கு உச்சவரம்பு பத்து ஆண்டு. 'கொரியரில் அனுப்பிவிடுவோம்' என்ற வாய்மொழியை நம்பி உறையவைக்காதீர்கள். மீண்டும் சென்னை வரும் டிக்கெட்டையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு, மூன்று கருவை ஒன்றாக வைத்தால் சீக்கிரம் பலன் என்று சொல்லும் மையங்கள் இன்னும் உண்டு. இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும், தாய்க்கு ரத்த அழுத்தமும் வரும் ஆபத்து கூடுதல். நல்ல ஐந்தாம் நாள் கரு இருந்தால் ஒன்றே வையுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

ரசீதை உங்கள் பெயரில், சிகிச்சை விவரத்துடன் வாங்குங்கள். கனடாவுக்கு வெளியே கட்டிய மருத்துவச் செலவையும் வருமான வரிக் கணக்கில் காட்டலாம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் தொகை அதற்கு உதவாது.

கேள்வி: 'மூன்று முறை, பலிக்காவிட்டால் பணம் வாபஸ்' என்ற பேக்கேஜ் வாங்கலாமா? கூடவே மரபணுப் பரிசோதனை, கருப்பை உட்சுவர் கீறல் என்று சேர்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: 'பலிப்பது' என்பதற்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள் என்று பாருங்கள். பாசிட்டிவ் வந்தாலே பலித்ததாக எழுதியிருந்தால், எட்டாம் வாரம் கரு கலைந்தாலும் ஒரு யூரோ திரும்பாது. 'உயிருடன் பிள்ளை பிறக்காவிட்டால்' என்று இருக்க வேண்டும். உறைந்த கரு ஒன்று மீதி இருக்கும்வரை வாபஸ் இல்லை, இடையில் நீங்களாக விலகினால் இல்லை, மருந்தும் பயணமும் திருப்பப்படாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். நல்ல கருமுட்டை இருப்பு உள்ள இளம்பெண்களையே இந்தத் திட்டத்தில் சேர்ப்பார்கள். அவர்களில் பலருக்கு முதல் சுற்றிலேயே பலிக்கும், மூன்று சுற்றுப் பணமும் கட்டியாகிவிட்டிருக்கும். உங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால் ஒற்றைச் சுற்றாக வாங்குவதே மலிவாக முடியலாம்.

கீறலை வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். 2019இல் 1,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அது குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை. குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் மரபணுப் பரிசோதனை மோசமான கருவை நல்லதாக்காது. உள்ளவற்றில் எதை முதலில் வைப்பது என்று மட்டுமே சொல்லும். ஒன்றிரண்டு கருதான் கிடைத்தது என்றால் பெரும்பாலோருக்கு அந்தப் பணம் வீண். விந்தணு சரியாக இருக்கும்போது ஐசிஎஸ்ஐயும் அப்படியே. எச்எஃப்இஏ இத்தகைய கூடுதல் சிகிச்சைகளுக்கு நிறக் குறியீடு தந்து வெளியிட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: பணத்தை லண்டனில் உள்ள ஏஜென்ட் கணக்கில் போடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். பிரிட்டன் கிரெடிட் கார்டில் மையத்துக்கே நேரடியாகக் கட்டினால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள சேவைக்கு, ஒப்பந்தத்தை மீறினால் கார்டு வங்கியும் சேர்ந்து பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும். முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் பொருந்தும். நடுவில் ஏஜென்ட் பணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு அறுந்துவிடக்கூடும். டெபிட் கார்டுக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் இந்தப் பிரிவு கிடையாது. சிகிச்சை பலிக்கவில்லை என்பது ஒப்பந்த மீறல் ஆகாது. சொன்ன பரிசோதனையைச் செய்யாதது, உத்தரவாதம் தந்த கருக்களைத் தராதது மீறல். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கச் சொல்கிறோம். ஏஜென்டுக்கு மையம் கமிஷன் தருகிறதா என்று கேளுங்கள். தருகிறது என்றால் அதே சிகிச்சைக்கு நேரடி விலை என்ன என்று மையத்திடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.