ஜெர்மனி சம்பளத்தில் நீடாமங்கலத்தில் நிலம் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 26 வயது. டேபிள் டென்னிஸ் வீரர். ஜெர்மனியில் ஒரு கிளப்புடன் இரண்டு சீசனுக்கு ஒப்பந்தமாகி, போன ஆகஸ்டில் இருவரும் இங்கே வந்தோம். ஆகஸ்ட் முதல் மே வரை மாதம் 2,900 யூரோ கைக்கு வருகிறது. ஜூன், ஜூலையில் சம்பளம் கிடையாது. வீட்டு வாடகை 850 யூரோ, மற்ற செலவெல்லாம் போக மாதம் 1,100 நிற்கிறது. நீடாமங்கலம் பக்கம் ஐந்து மா (மூன்று மா சுமார் ஒரு ஏக்கர்) நஞ்சை 16 லட்சத்துக்கு வருகிறதாம். "பணத்தை அனுப்புங்கள், என் பெயரில் வாங்கிப் போடுகிறேன், பின்னால் உங்களுக்குத்தானே" என்கிறார் மாமனார். நான் எம்.காம். படித்து, கும்பகோணத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு வந்து இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். வாரக் கடைசியில் அவர் வெளியூர் மேட்சுக்குப் போய்விடுவார். எனக்கென்று பத்து யூரோ செலவு செய்யவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
திருவாரூர் மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, அந்தப் பத்து யூரோ வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மனதில் நின்றது. அதற்கு வருகிறேன். முதலில் நிலத்தைப் பார்ப்போம், அதற்குத்தான் ஊரிலிருந்து அவசரப்படுத்துகிறார்கள்.

அந்த நிலத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாடுவாழ் இந்தியர். என்.ஆர்.ஐ. ஒருவர் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் பலரும் "அப்பா பெயரில் போட்டுவிடலாம்" என்ற வழிக்குப் போகிறார்கள். கூத்தாநல்லூரிலிருந்து பட்டுக்கோட்டை வரை சிங்கப்பூர், வளைகுடா பணத்தில் இப்படி நடப்பது சகஜம். சகஜமாக நடப்பதாலேயே அது சட்டப்படி சரியாகிவிடாது.

பணம் உங்களுடையது, நிலமும் உள்ளுக்குள் உங்களுடையது, பத்திரத்தில் மட்டும் மாமனார் பெயர் என்றால் அதைத்தான் பினாமி சட்டம் பினாமி என்கிறது. மனைவி அல்லது கணவர் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் கணக்கில் வந்த பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. பெற்றோர் பெயர் என்றால், பணம் போட்டவர் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் அந்த விலக்கு. உங்கள் கணவரோ விவசாய நிலத்தில் கூட்டு உரிமையாளராகச் சேர முடியாது. ஆக இரண்டு பக்கமும் வழி அடைபட்டிருக்கிறது.

மகன் அப்பாவுக்கு மனதாரப் பணம் கொடுக்கலாம். அதற்கு வரம்பும் இல்லை, பெறுகிறவருக்கு வரியும் இல்லை. அதில் அவர் நிலம் வாங்கினால் அது முழுக்க அவருடைய நிலம். உயில் எழுதாமல் அவர் காலம் முடிந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி மாமியாருக்கும், உங்கள் கணவருக்கும், நாத்தனார் இருந்தால் அவருக்கும் சம பங்கு. அதில் தவறே இல்லை, நாத்தனாருக்கு அது உரிமை. ஆனால் "பின்னால் உங்களுக்குத்தானே" என்ற பேச்சை நம்பிப் பணம் அனுப்பிவிட்டு, பிறகு அண்ணன் தங்கை முகம் கொடுத்துப் பேசாமல் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தை விடுங்கள், கணக்காவது ஒத்துவருகிறதா? பத்து மாதம், மாதம் 1,100 என்றால் 11,000 யூரோ. சம்பளம் இல்லாத இரண்டு மாத வாடகை 1,700. இருவரும் ஊருக்கு வந்துபோக டிக்கெட் சுமார் 1,600. அந்த மாதங்களுக்கு மருத்துவக் காப்பீட்டைச் சொந்தமாகக் கட்ட வேண்டியிருந்தால் சுமார் 500. ஊரில் இருக்கும் நாட்களுக்கும் கைச்செலவு உண்டே. வருஷத்துக்கு 7,000 யூரோ நின்றால் நல்லது. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 7 லட்சம், இரண்டு சீசனுக்கு 14 லட்சம். ஒப்பந்தம் முடிகிற அன்று, இருக்கிறதெல்லாம் நிலத்தில் போய், அதற்கு மேல் இரண்டு லட்சம் கடனும் நிற்கும்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் பருவத்து வருமானம் புதிதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி. கோடையில் குதிர் நெல்தான் சோறு போடும். உங்கள் ஜூன், ஜூலையும் அப்படித்தான். முதல் சீசன் மிச்சம் முழுவதையும் குதிரில் போடுங்கள்: கிட்டத்தட்ட நான்கு மாதக் குடும்பச் செலவு, தொடக்கூடாத பணமாக. இன்னொன்று, கிளப்பிடம் கேட்டுப் பாருங்கள்: அதே ஆண்டுத் தொகையை 12 தவணையாகத் தர முடியுமா என்று. அப்படித் தந்தால் காப்பீடும் ஓய்வூதியச் சந்தாவும் விடாமல் தொடரும். மாதத் தொகை மட்டும் விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

மாமனாருக்கு எதுவுமே செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் இருந்தால் அதை அடைத்து நகையை மீட்டுக் கொடுங்கள். குறுவைச் சாகுபடிச் செலவுக்கு ஒரு தொகை கொடுங்கள். அதைப் பரிசு என்றே சொல்லிக் கொடுங்கள். நிலத்தின் மேல் ஆசை உங்கள் கணவருக்கும் உண்டென்றால், நிரந்தரமாகத் திரும்பி வந்தபின் தன் பெயரிலேயே அவர் வாங்கலாம். தமிழ்நாட்டில் நிலம் வாங்க விவசாயியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இதை மாமனாரிடம் உங்கள் கணவர்தான் பேச வேண்டும். மருமகள் தடுத்தாள் என்ற பேச்சுக்கு இடம் தராதீர்கள்.

இப்போது உங்கள் விஷயம். அவருடைய வேலையைச் சாத்தியமாக்கத்தான் உங்கள் வேலையை விட்டீர்கள். அந்த 2,900 இருவருடைய சம்பளம். மாதம் 150 யூரோவாவது உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குப் போகட்டும், அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு அடுத்த செலவு மொழி வகுப்பு. பி1 என்ற நடுத்தர நிலை வரை முடியுங்கள். குடும்ப விசாவில் வந்தவர்கள் அங்கே வேலை பார்க்கலாம். மினிஜாப் என்ற சிறு வேலைக்கு 2026இல் மாத வரம்பு 603 யூரோ. அதற்குள் சம்பாதிக்கும்வரை, அரசு மருத்துவக் காப்பீட்டில் கணவரின் சந்தாவிலேயே நீங்களும் இலவசமாகத் தொடரலாம். கணக்கியல் படித்தவருக்கு அந்த நாட்டில் மொழி ஒன்றுதான் தடை. விளையாட்டு வருமானம் எந்தச் சீசனிலும் நிற்கலாம், உங்கள் படிப்புக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இந்தக் குடும்பத்தின் மிக நல்ல முதலீடு அதுதான் என்று எனக்குப் படுகிறது.

வங்கிக் கணக்குகளை இந்த மாதமே சரிசெய்யுங்கள். ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை, இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்குத் தொடங்க வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வருமான வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நீங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவர், உடனே பிடித்துக்கொள்வீர்கள். வேலைக்காகப் புறப்பட்ட ஆண்டில், இந்தியாவில் 182 நாள் இருந்தால்தான் உள்நாட்டுவாசி என்ற வரம்பு கணவருக்குத்தான். கூடப் போன உங்களுக்கு 60 நாள் விதிதான் பொருந்தும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இந்தியாவில் இருந்ததால் அந்த நிதியாண்டில் நீங்கள் உள்நாட்டுவாசி. ஜெர்மனியில் கூட்டுக் கணக்கு இருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்ட வேண்டும்.

காயம் பட்டால்? வேலைக்குச் சேர்ந்து நான்கு வாரம் கடந்தவருக்கு ஆறு வாரம் முழுச் சம்பளம் முதலாளி தர வேண்டும். அதன்பின் காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியைத் தரும். டேர்ம் இன்சூரன்ஸ் இந்திய நிறுவனத்திலேயே எடுக்கலாம். தொழிலையும் வசிக்கும் நாட்டையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கணவர் ஊரில் வேலைக்கும் முயலட்டும். ஜெர்மனி கிளப்புகளுக்கு ஆடிய சரத் கமல் 2025இல் 42 வயதில்தான் ஓய்வு பெற்றார், ஆனால் அத்தனை காலம் ஆடுவது எல்லோருக்கும் வாய்க்காது. அவருக்கே இந்தியன் ஆயில் வேலை இருந்தது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பதக்கச் சான்றிதழ்களையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

அதே கோப்பில் சம்பளச் சீட்டுகளும் சமூகக் காப்பீட்டு எண்ணும் இருக்கட்டும். ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் 9.3 சதவீதம், மொத்தச் சந்தா 60 மாதத்துக்குக் குறைவாக இருந்தால், ஐரோப்பாவை விட்டு வந்து 24 மாதம் கழித்து விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். கிளப் கட்டிய பங்கு வராது.